வரி கட்டாத உப்பு

நான் ஊரிலிருந்து கைக்குழந்தையைப் போலக் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்த உப்பை, சூரிச் விமான நிலையத்தில் ஒன்றுக்குப் போய்த் திரும்புவதற்குள் அருளம்பலம் நாசமாக்கிவிட்டார். கீழே கொட்டிவிட்டார் என்று நினைக்காதீர்கள். கொட்டியிருந்தால் அள்ளியிருப்பேன். அவர் செய்தது அதைவிடப் பெரிய கொடுமை. அதற்கு வரி கட்டிவிட்டார்.

கொடுமையின் ஆழம் புரிய வேண்டுமென்றால் நான் யார் என்று சொல்ல வேண்டும். நான் வில்லுப்பாட்டுக்காரன். நாகர்கோவில் பக்கம் கோயில் கொடை நடக்கிற ஊர்களில் என் குரலைக் கேட்டுத் தூக்கம் கெடாத கோழி கிடையாது. வில்லில் மணி கட்டி, வீசுகோலால் தட்டிச் சாமி கதை பாடுவது தொழில். எனக்குப் பேர் வாங்கித் தந்தது உப்பு மாசானத்தின் கதை.

மாசானம் கும்பினிக்காரன் காலத்துக் கள்ளன். கள்ளன் என்று சொன்னவன் வெள்ளைக்காரன். எங்களுக்கு அவன் சாமி. மலைக்கு அந்தப் பக்கம் ராஜா, இந்தப் பக்கம் கும்பினி, நடுவில் கணவாயில் ஒரு சுங்கச் சாவடி. கடலோரத்தில் சும்மா விளைகிற உப்பு அந்தச் சாவடியைத் தாண்டினால் தங்கத்தின் விலை. மலையடிவாரத்து ஏழை உப்பில்லாக் கஞ்சி குடித்தான். மாசானம் மலையேறி உப்பைக் கடத்தி வீடு வீடாகப் போட்டான். கடைசியில் தூக்கில் தொங்கினான். அநியாயமாகச் செத்தவன் சாமியாவது எங்கள் பக்கத்து வழக்கம், அவனும் ஆனான்.

அவன் கதையைப் பாட ஒரு கட்டுப்பாடு உண்டு. வில்லுக்கு முன்னால் இலையில் ஒரு குவியல் கல்லுப்பு வைக்க வேண்டும். அந்த உப்புக்கு எந்தச் சர்க்காருக்கும் வரி கொடுத்திருக்கக் கூடாது. வரி கொடுத்த உப்பை மாசானம் ஏற்க மாட்டான். எங்கள் ஊரில் உப்பளத்துக்காரர் வேண்டுமென்றே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பீடி பற்ற வைப்பார். நாங்கள் ஒரு குத்து அள்ளிக்கொண்டு ஓடிவருவோம். அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இருந்தாலும் திருட்டு திருட்டுத்தானே!

இப்போது அருளம்பலம், என் வாய்க்கு வசதியாக அம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். ஆனையிறவு உப்பளத்தில் வேலை பார்த்தவர். எண்பத்து நாலில் படகேறி எங்கள் பக்கம் வந்து சில மாதம் இருந்தபோது, ஒரு கொடையில் முன்வரிசையில் உட்கார்ந்து என் கதையைக் கேட்டார். பிறகு எப்படியோ சுவிட்சர்லாந்து போய், லாங்கன்தால் என்ற ஊரில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். போன மாதம் என் பக்கத்துப் பலசரக்குக் கடைக்கு டெலிபோன் பண்ணினார்.

"அண்ணாவியார், எனக்குப் பேர்ணிலை ரண்டாவது விசாரணை இருக்கு. மாசானத்துக்கு நேத்தி வைச்சனான். நீங்கள் வந்து பாடோணும்."

"வெளிநாட்டுக்கா? என்னவே நேர்ச்சை?"

"நாக்கு எழும்போணும் எண்டு."

அகதியாக ஏற்பதற்கு முன் நடத்துகிற விசாரணை அது. முதல் தடவை, ஆனையிறவில் உமக்கு என்ன நடந்தது என்று கேட்டார்களாம். "ஒண்டும் பெரிசா நடக்கேல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். இந்த முறையும் திறக்காவிட்டால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே கோப்பை கழுவும் நம் பையன்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குச் சீட்டு எடுத்துவிட்டார்கள். ஞாயிறு பாட்டு, செவ்வாய் விசாரணை. இவ்வளவுதான் சங்கதி.

இப்படிப்பட்ட ஆள், விமான நிலையத்தில் என் பையைத் தொட்டுப் பார்த்து, "உதென்ன கனமாக் கிடக்கு?" என்றார்.

"உப்பு."

"உள்ளுக்கை சுங்கத்திலை காட்டினியளோ?"

"உப்பை எவனாவது காட்டுவானா? நான் ஒன்றுக்குப் போயிட்டு வாறேன், பையைப் பிடியும்."

வந்து பார்த்தால் ஆள் சிரித்த முகமாக நிற்கிறார். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அண்ணாவியார். நான் சுங்கக் கந்தோருக்குப் போய்க் காசு கட்டிப்போட்டன். அவன் முதல் வேண்டாம், போ எண்டவன். நான் விடேல்லை. பேந்து ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பாத்துச் சில்லறை வாங்கினவன். நல்ல மனுசன்."

"ஓய்! கெடுத்தீரே குடியை!"

பெட்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. சுவிஸ்காரர்கள் ரயிலில் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுகிறார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் நான் இப்படிக் கத்தியிருந்தால் ரெண்டு பேர் என் கட்சி, ரெண்டு பேர் அவர் கட்சி, வடசேரி வருவதற்குள் தீர்ப்பும் சொல்லியிருப்பார்கள். இங்கே ஒரு அம்மாள் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அரசாங்கத்தோடை பிரச்சினைப்படக் கூடாது அண்ணாவியார். செவ்வாய்க்கிழமை விசாரணை. உப்புக் கடத்தினவன் எண்டு பிடிச்சால்?"

"கடத்தினவனுக்குத்தானே வே நேர்ச்சை வச்சீரு!"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ மாசானம்" என்றார். அந்தக் கோலத்தைப் பார்த்து எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், ஒரு பக்கம் அரசாங்கம், ஒரு பக்கம் சாமி, ரெண்டுக்கும் நடுவில் கோப்பை கழுவுகிற மனுஷன்.

லாங்கன்தாலில் அவர் குடியிருந்தது எல்சி என்ற கிழவியம்மாள் வீட்டு மேல்மாடியில். நான் சுவிட்சர்லாந்தில் மலை பார்க்கலாம் என்று ஆசையோடு போனவன். கார்த்திகை மாதத்து மூடுபனியில் எதிர்வீட்டையே பார்க்க முடியவில்லை. "மலை எங்கவே?" என்று கேட்டால் அம்பலம் வெள்ளையாய்க் கிடந்த வானத்தில் ஒரு மூலையைக் காட்டி, "அங்கைதான் நிக்கும்" என்பார். சாமி கும்பிடுகிற மாதிரி அந்தத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

வெள்ளிக்கிழமை உப்பு வேட்டை தொடங்கியது. முதலில் கடை. தெருவில் ஒரு வண்டியும் இல்லை, ஒரு நாயும் இல்லை, சிக்னல் கம்பத்தில் சிவப்பு மனுஷன் எரிகிறான். நான் பாட்டுக்கு இறங்கி நடந்தேன். அம்பலம் இந்தக் கரையிலேயே நின்று, "திரும்பி வாங்கோ, திரும்பி வாங்கோ" என்று கெஞ்சுகிறார். பச்சை மனுஷன் வரும்வரை நான் அந்தக் கரையிலும் அவர் இந்தக் கரையிலுமாக நின்றோம்.

கடையில் உப்பு இருந்தது. வாங்கி வந்து எல்சி அம்மாளிடம் காட்டி, இதற்கு வரி உண்டா என்று அம்பலத்தை விட்டுக் கேட்கச் சொன்னேன். அம்மாளுக்கு ஒரே பெருமை. உப்பு விற்கிற உரிமை இந்த நாட்டில் மாநில அரசாங்கத்துக்குத்தானாம். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தானாம். ஒவ்வொரு பொட்டலத்திலும் சர்க்காருக்குப் பங்கு போகுமாம், வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாதாம்.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. மாசானத்தைத் தூக்கில் போட்டு எத்தனை தலைமுறை ஆயிற்று! வெள்ளைக்காரனே மூட்டை கட்டிப் போய்விட்டான். இங்கே இன்னும் உப்பு ராஜாங்கத்துச் சொத்து! "இந்த ஊரில் மாசானம் பிறந்திருந்தால் தினம் ஒரு கதை பாடலாமே" என்றேன். அம்பலம் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

அடுத்தது மாட்டுப் பண்ணை. மாடுகள் நக்குவதற்குப் பெரிய உப்புக்கட்டி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று எல்சி அம்மாள் சொன்னதை நம்பிப் போனோம். பண்ணைக்காரர் வருவதற்குள் நான் அவசரப்பட்டு ஒரு நக்கு நக்கிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பசு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொந்தப் பெண்டாட்டி அப்படிப் பார்த்ததில்லை. கட்டியும் அதே அரசாங்க உப்புத்தானாம். வாய் கசந்துபோய்த் திரும்பினோம்.

வில் மட்டும் யோகமாக அமைந்தது. அவ்வளவு நீள வில்லை விமானத்தில் ஏற்ற முடியாது என்று நாணும் மணியும் வீசுகோலும்தான் கொண்டுவந்திருந்தேன். எல்சி அம்மாளின் நிலவறையில், செத்துப்போன அவள் புருஷன் பனிச்சறுக்கிய பழைய மரக்கட்டை ஒன்று கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நீளம், நல்ல வைரம், நுனியில் வளைவு வேறு. நாண் ஏற்றி மணி கட்டிக் கோலால் ஒரு வீசு வீசினேன். கணீர்! முட்டைக்கோஸ் ஊறப்போடுகிற மண்சாடியைக் குடமாக்கி அம்பலத்திடம் கொடுத்தேன். மனுஷன் ரெண்டு தட்டிலேயே தாளத்தைப் பிடித்துவிட்டார். கிழவியம்மாள் கைதட்டிச் சிரித்தாள், புருஷன் உயிரோடு இருந்தபோதுகூட அந்தக் கட்டை இவ்வளவு சத்தம் போட்டதில்லையாம்.

"எல்லாம் இருக்கு, உப்பில்லை" என்றார் அம்பலம். அன்று அவர் வைத்த கத்தரிக்காய்க் குழம்புக்கும் உப்புப் போட மறந்திருந்தார். புட்டு மட்டும் அருமை. நான் பேசாமல் தின்றேன்.

சனிக்கிழமை காலையில் குகனிடமிருந்து டெலிபோன் வந்தது. குகன் அம்பலத்தின் சொந்தக்காரப் பையன், ஃப்ரிபூர்க்கில் ஒரு பெரிய உணவகத்துக் குசினியில் வேலை. "அண்ணை, கெதியா வாங்கோ. வரி கட்டாத உப்பு இஞ்சை இருக்கு!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

ஃப்ரிபூர்க் மேலூர், கீழூர் என்று ரெண்டு தட்டாக இருக்கிறது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு இழுவை வண்டி. மேலூர்ச் சாக்கடைத் தண்ணீரை வண்டிக்கு அடியில் தொட்டியில் நிரப்புகிறார்கள். அந்தக் கனத்தில் அது இறங்க, இன்னொரு வண்டி மேலே ஏறுகிறது. சாக்கடையைக்கூட வேலை வாங்குகிற ஜாதி இது! எங்கள் நகராட்சித் தலைவரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். வாசனை மட்டும் நம்மூர் வாசனைதான், சும்மா சொல்லக் கூடாது.

குகன் எங்களைக் குசினியின் பின்வாசல் வழியாக உள்ளே விட்டான். தலைமைச் சமையல்காரர் பிரான்ஸ்காரர், கடலோரத்து ஆள். கோபத்தில் சிவந்தவரா, இயல்பிலேயே சிவப்பா என்று தெரியாத முகம். அவர் சொந்த ஊரில் நம்மூரைப் போலவே பாத்தி கட்டி உப்பு விளைக்கிறார்களாம். சுவிஸ் உப்பை அவர் உப்பென்றே மதிப்பதில்லை, மருந்துக்கடைச் சமாச்சாரம் என்றார். ஊருக்குப் போகும்போதெல்லாம் வண்டியில் ஒரு மூட்டை உப்பு, அதன்மேல் வெங்காயம். எல்லையில் யாராவது கேட்டால் வெங்காயம்.

எதற்கு உங்களுக்கு உப்பு என்று கேட்டார். நான் தமிழில் சொல்ல, குகன் பிரெஞ்சில் சொன்னான். உப்புக்காகத் தூக்கில் போட்டார்கள் என்றதும் மனுஷர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். குசினி முழுக்க வேலை நின்றது. "எங்கள் ராஜாவும் உப்புக்கு வரி போட்டான். எங்கள் ஆட்களும் கடத்தினார்கள். பிடித்துக் கப்பலில் சங்கிலி போட்டுத் துடுப்பு வலிக்க விட்டான், சிலரைத் தொங்கவும் விட்டான்!" என்று மேஜையைக் குத்தினார். பிறகு ரெண்டு கையும் நிறைய அள்ளி ஒரு துணியில் போட்டுக் கட்டினார். "உங்கள் ஆளுக்கு எங்கள் ஆட்கள் கொடுத்தது என்று சொல்லு."

சாம்பல் நிறத்தில், ஈரமாய், பெரிய பெரிய கல்லாய் உப்பு. அம்பலம் ஒரு கல்லை எடுத்து விரலில் நசுக்கி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மனசுக்குள் ஆனையிறவு அளத்தில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதோடு விட்டாரா சமையல்காரர்? பாலாடைக்கட்டியை உருக்கி அடுப்போடு நடுவில் வைத்து, நீள முள்கரண்டியில் ரொட்டித்துண்டைக் குத்தி முக்கித் தின்னச் சொன்னார். ரொட்டியைச் சட்டிக்குள் விட்டவன் பாட்டுப் பாட வேண்டுமாம். நான் வேண்டுமென்றே விட்டேன். ஒருமுறை பாடினேன், மறுபடி விட்டேன், மறுபடி பாடினேன். அப்புறம் எனக்கு முள்ளைக் கொடுக்காமல் குகனே ஊட்டினான்.

புறப்படும்போது அம்பலம் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "நீங்கள் வைச்சிருங்கோ அண்ணாவியார்."

"நேர்ச்சைக்காரன்தான் சுமக்கணும். அதுதான் முறை."

"பிடிச்சால்?"

"பிடிச்சா மாசானம் பார்த்துக்குவான்."

"மாசானத்தையே பிடிச்சவங்கள்தானே" என்றார். உள்கோட்டுக்குள் பொட்டலத்தைச் செருகிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பேர்ண் வரை சிவப்புத் தொப்பி போட்டவர்களை எல்லாம் சுங்கக்காரன் என்று நினைத்து வேர்த்துக்கொண்டே வந்தார். பேர்ணில் வண்டி மாறினோம். டிக்கெட் பரிசோதகர் வந்து கையை நீட்டியதும் அம்பலம் எழுந்து நின்று, கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுப்பதுபோல் ரெண்டு கையாலும் டிக்கெட்டைக் கொடுத்தார். ஈர உப்பு கசிந்து அவர் மேல்சட்டையில் பால் கொடுக்கிற தாய் மாதிரி வட்டமாக நனைந்திருந்தது. பரிசோதகர் அதைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், நன்றி சொல்லிப் போய்விட்டார். நான் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு சிரித்தேன். அம்பலமும் சிரித்தார். "கடத்திப்போட்டன் அண்ணாவியார், நானும் கடத்திப்போட்டன்!" அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் அடுத்த பெட்டியிலிருந்து பட்டாளத்துப் பையன்கள் வந்தார்கள். இந்த நாட்டில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் கொஞ்ச காலம் பட்டாளத்துக்குப் போக வேண்டும். சனிக்கிழமையானால் துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒருவன் எங்கள் எதிரில் உட்கார்ந்து, துப்பாக்கியை மேலே சாமான் தட்டில் குடை வைப்பதுபோல் வைத்துவிட்டு, சாக்லேட்டைப் பிரித்து எனக்கு ஒரு துண்டு நீட்டினான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். நான் வாங்கிக்கொண்டு, "பாரும் வே, நம்ம ஊர்க் கண்டக்டர் கூட இப்படித் தரமாட்டான்" என்று திரும்பினால், அம்பலத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

அடுத்த நிலையத்தில் சட்டென்று இறங்கிவிட்டார். எங்கள் ஊர் அது இல்லை. நானும் பின்னால் குதித்தேன். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உப்புக்கா பயந்தீரு?" என்று பகடியாகக் கேட்டுவிட்டேன். கேட்ட உடனே என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இது உப்புப் பயம் இல்லை.

"ஆனையிறவிலை, ஆமிக்காரன்ரை சோதனைச் சென்றியிலை," என்றார். "தம்பியும் நானும் சைக்கிளிலை வேலை முடிஞ்சு…"

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புட்டுக்கு என்ன கறி வைப்பம், அண்ணாவியார்? ரின்னிலை அடைச்ச மீன் இருக்கு" என்றார்.

மீன் வையும் என்றேன். செவ்வாய்க்கிழமையும் இந்த மனுஷன் இப்படி மீன்குழம்புக்குப் போய்விட்டால் என்ன செய்வது? அடுத்த வண்டி வரும்வரை அவர் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார், நான் ஆமா போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாதா கோயில் மண்டபத்தில் பாட்டு. பாதிரியார் மண்டபத்தை இனாமாகத் தந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார், பக்கத்தில் எல்சி அம்மாள். மற்றவர்கள் எல்லாரும் நம் பையன்கள், திரிம்பாக்கிலிருந்தும் ஃப்ரிபூர்க்கிலிருந்தும் வந்தவர்கள். வாழையிலைக்கு எங்கே போவது? முட்டைக்கோஸ் இலையை விரித்து, அம்பலம் உப்பைக் குவித்தார். சுத்தமான கடத்தல் உப்பு! எனக்கு மேனி சிலிர்த்தது.

பின்பாட்டுக்கு என் ஆட்கள் இல்லாததால் குகனையும் ரெண்டு பையன்களையும் உட்கார வைத்து, நான் ஒரு அடி பாடினால் "ஆமா" சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். எவன் கேட்டான்?

"மலைக்கு அந்தப் புறம் ஒரு ராசா!"

"ஓம்!"

"மலைக்கு இந்தப் புறம் ஒரு ராசா!"

"ஓம்!"

"நடுவில் கிடக்கிற நம்ம கஞ்சிக்கு உப்புப் போட ராசா உண்டோ?"

"ஓம்!"

"இல்லைன்னு சொல்லுங்கல!" என்று நான் கோலால் குகன் முட்டியில் ஒரு தட்டுத் தட்ட, மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பாதிரியாரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

மாசானம் சாவடிக்காரனுக்குச் சேலை கட்டிக் கழுதைமேல் ஏற்றி அனுப்பிய இடத்தில் பையன்கள் விசிலடித்தார்கள். துரைமாரின் காப்பியில் ஒரு சிரட்டை உப்பைக் கொட்டிய இடத்தில் எழுந்தே ஆடினார்கள். அப்புறம் கதை வழக்கு மன்றத்துக்கு வந்தது. அங்கே சிரிக்க ஒன்றும் கிடையாது. மாசானம் கூண்டில் நின்று தன் நியாயத்தை எல்லாம் சொல்கிறான். உப்பில்லாமல் கஞ்சி குடித்த பிள்ளையைச் சொல்கிறான். ஒரு பிடி உப்புக்குச் சாவடியில் அடிபட்டுச் செத்த கிழவனைச் சொல்கிறான். பொழுது சாய்கிறவரை சொல்கிறான். துரைக்குத் தமிழ் தெரியாது. துபாஷியைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்கிறான். துபாஷிக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரில் கிழவிகள் துபாஷியை வைவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. விசாரணைக்குப் போய்வந்தவர்களும் போகப் போகிறவர்களும்தான் அத்தனை பேரும். குடத்தின் சத்தமும் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தேன். அம்பலம் சாடியை மடியில் அணைத்துக்கொண்டு, கை உயர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அடியும் வே" என்றேன் மெதுவாக.

அடித்தார். தூக்குமரத்துக்குக் கொண்டுபோய், சாமியாக்கி, வாழி பாடி முடித்தேன். நாங்கள் மண்டபத்தைப் பெருக்கித் துடைத்துச் சாவியைக் கொடுத்தபோது, சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே முடித்துவிட்டீர்களே என்று பாதிரியார் அம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்பலம் அன்று எதுவும் பேசவில்லை. திங்கட்கிழமையும் பேசவில்லை. வழக்கமாகப் பேசுகிற கறிப் பேச்சுகூட இல்லை. பாடிய எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. நாக்கு எழும்பத்தான் நேர்ச்சை வைத்தார், இருந்ததும் அடங்கிப்போனால் மாசானத்தை யாரிடம் போய்க் கேட்பது?

செவ்வாய்க்கிழமை பேர்ணில் அந்தக் கட்டிடத்து வாசல்வரைதான் என்னை விட்டார்கள். அம்பலம் எல்சி அம்மாள் தந்த கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு, கதவுக்குமுன் நின்று ரெண்டு காலையும் மிதியடியில் தேய்தேய் என்று தேய்த்தார். "போயிட்டு வாறன்" என்றார். நான் தைரியமாக ஒன்றும் சொல்லத் தெரியாமல், "சாப்பாட்டு நேரத்துக்கு முடிஞ்சிரும்" என்றேன்.

முடியவில்லை. எதிர்ச்சாரியில் ஒருவன் சுட்டு விற்ற கொட்டைகளை வாங்கினேன். பலாக்கொட்டை மாதிரியே இருந்தது, ஆனால் இனிப்பு. தின்றேன். அலுவலகக்காரர்கள் வெளியே வந்தார்கள், தின்றார்கள், திரும்பிப் போனார்கள். மறுபடி வாங்கித் தின்றேன். குளிரில் கால் மரத்துப்போயிற்று. உள்ளே மீன்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாரோ? கைவிலங்கு போட்டுவிட்டார்களோ? நான் கும்பிடாத சாமி இல்லை. மூடுபனிக்குள் நிற்கிற மலையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பிற்பகலாகிவிட்டது அவர் வரும்போது. கழுத்துப்பட்டி கையில் இருந்தது. முகம் வீங்கியிருந்தது.

"என்ன வே? என்ன ஆச்சு?"

"கதைச்சன்."

"எவ்வளவு?"

"எல்லாம்."

"எப்படி வே ஆரம்பிச்சீரு?"

"முதல் விசாரிக்கிற அதிகாரி கேட்டவர், இந்த நாட்டிலை ஏதும் குற்றம் செய்தனீரோ எண்டு. எனக்குப் பொய் சொல்ல வரேல்லை அண்ணை. ஓம், உப்புக் கடத்தினனான் எண்டன்."

"அட பாவி மனுஷா!"

"மொழிபெயர்க்கிற பெடியன் என்னை விறைச்சுப் பாத்தவன். ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி சொன்னவன். ஏன் உப்பு எண்டு அவர் கேட்டவர். மாசானத்தைச் சொன்னன். ஏன் உமக்கு மாசானம் எண்டு கேட்டவர். நான் உப்பளத்திலை வேலை செய்தனான் எண்டன். பேந்து… நிப்பாட்ட ஏலாமல் போச்சு. பெடியன் ஒரு சொல்லும் விடேல்லை. ரண்டு இடத்திலை தண்ணி குடிச்சுப்போட்டுச் சொன்னவன்."

"அந்த அதிகாரி? உப்புக்கு என்ன சொன்னாரு?"

அம்பலம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உப்புக்கு வேறை கந்தோராம்."

ரெண்டு பேரும் சிரித்தோம். பேர்ண் நகரத்து நடைபாதையில், கோட்டுப் போட்ட கனவான்கள் விலகிப் போக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம். ஆகட்டும், அதற்கும் சிரித்தோம். ரயிலடிக்குப் போகிற டிராம் வந்து நின்றது. நான் ஏறக் காலை வைத்தபோது அவர் என் கையைப் பிடித்தார். சிரிப்பு நின்றிருந்தது.

"தம்பிக்கு இருபத்தொரு வயசு, அண்ணை" என்றார். "சிவநேசன் எண்டு பேர்."

நான் காலைக் கீழே வைத்தேன். டிராம் போயிற்று. அடுத்ததும் வந்து போயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.